அறுபத்து நாலு சதவீதம் ராக்கியப்பன்

சன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க்கா. எனக்கு எங்க உட்கார்ந்தாலும் சரி. கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். பதினொரு மணிக்கு வருமான வரி ஆபீசுல இருக்கணும். ஐயோ, அங்க வேலையெல்லாம் இல்லைங்க்கா. லெட்டர் வந்திருக்கு. எனக்குத்தான். இதோ பாருங்க, மேகலான்னு என் பேரு, அப்பா பேரு, வீட்டு நம்பர், எல்லாம் சரியா போட்டிருக்காங்க.

மாதம் பதினோராயிரம் சம்பளம் வாங்கற நான், ரெண்டு வருஷத்துல நாற்பத்தொரு லட்சத்துக்கு ஹார்டுவேர் சாமான் வாங்கியிருக்கேனாம். பணம் எப்படி வந்ததுன்னு நேர்ல வந்து விளக்கணுமாம். அதுல முந்நூற்றிப் பன்னிரண்டு வெஸ்டர்ன் கக்கூஸ் இருக்குங்க்கா. எங்க வீட்டுல இருக்கறது ஒண்ணு. அதுவும் வெஸ்டர்ன் இல்லை.

இன்னிக்கு சரியா விளக்கலேன்னா அபராதம் வரும், கேஸ் வரும், வேலைக்கும் தலைமுழுக்குத்தான். என்ன சொல்றதுன்னு ராத்திரி எழுதிப் பார்த்தேன். நாலு பேப்பர் கிழிச்சுப் போட்டேன். எனக்கு வெளியாளுங்ககிட்ட பேச வராதுங்க்கா. வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருக்கேன்னு அம்மா திட்டும். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுங்களா? பல்லடம் வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்.

நான் பி.காம். தாராபுரத்துல ஒரு ஹார்டுவேர் கடையில பில் போடறேன். முதலாளி பேரு சென்னியப்பன். நல்லவர். கஞ்சன்னு நான் சொல்ல மாட்டேன். காசு குடுத்து வாங்கின பொருள் கடைசி வரைக்கும் தேயணும்னு நினைக்கறவர், அவ்வளவுதான். கரைஞ்ச சோப்பைப் புது சோப்பு மேல ஒட்டித் தேய்ச்சுக்குவார். அவரைப் போய் கணக்கு சாஃப்ட்வேர் வாங்க வெச்சுட்டாங்க. வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். வித்தவர் தீனதயாளன்னு ஒருத்தர், கோயமுத்தூர்ல இருந்து டை கட்டிக்கிட்டு வருவார். எங்க கடையில சிமெண்டுத் தூசி பறக்கும். அவர் வந்து போனா டை மட்டும் வெள்ளையா இருக்கும்.

அவர் முதல் நாளே சொல்லிட்டார். "சும்மா ரொக்கம்னு பில் போட்டா சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு பில்லுக்கும் பேரு, போன் நம்பர் வேணும். அப்பத்தான் முழுப் பலன் கிடைக்கும்."

முழுப் பலன்னு சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரொக்கம்ங்கறதைப் பூட்டிப் போடுங்க சார். பேரில்லாம பில்லு வெளிய வரப்படாது."

பூட்டிட்டாங்க. ஆனா பேரையும் நம்பரையும் கேட்கப் போறது யாரு? நான்தானே. அதை ரெண்டு பேரும் யோசிக்கலை.

மொத நாளு ஒரு எலக்ட்ரீசியன் பையன் வந்தான். நாலு பேரோட. "உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க"ன்னு கேட்டேன். அவன் என்னைப் பார்க்கறான், கூட வந்தவங்களைப் பார்க்கறான். "எதுக்குங்க, ஏதாச்சும் பேசோணுமா?"ன்னான். நாலு பேரும் சிரிச்சாங்க. மூட்டை தூக்கறவங்க சிரிச்சாங்க. குழாய் வாங்க வந்த ஒரு பெரியவர், அவருக்கு என்ன வந்ததோ, அவரும் சிரிச்சார். என் காது ரெண்டும் சுட்டுருச்சுங்க்கா. அதோட சரி. பொம்பளைங்க வந்தா கேட்டுருவேன், கொஞ்சம் வயசானவங்க, முகம் தெரிஞ்சவங்கன்னாலும் கேட்டுருவேன். ஆனா ஹார்டுவேர் கடைக்கு வர்றதெல்லாம் யாரு? கொத்தனார், பெயிண்டர், பிளம்பர்.

அன்னிக்கே மத்தியானம் ராக்கியப்பன் வந்தார். செங்காட்டுவலசுக்காரர், பஞ்சாயத்து மோட்டார் போட்டு விடற வேலையில இருந்து ஓய்வானவர். தெருக்குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கினார், மூணு ரூபா. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே, "பேரு எழுதோணுமா கண்ணு? எழுதிக்க. ராக்கியப்பன். நம்பர் சொல்றேன்"னு நம்பரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, வீட்டுக்காரம்மா பேரு ராமாத்தாள்னும் சொன்னார். அந்தம்மா பேரை நான் கேட்கவே இல்லை. எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ்வளவு நல்ல மனுஷன்.

அடுத்து ஒரு பெயிண்டர் வந்து நின்னான். கேட்க வாய் வரலை. 'ரா'ன்னு அடிச்சேன், ராக்கியப்பன் வந்தார். என்டர் தட்டினேன்.

அப்படித்தான் ஆரம்பம். ரெண்டு வருஷம். ஒன்பதாயிரத்து நானூற்றிப் பன்னிரண்டு பில்லு. ஏமாத்தணும்னு நினைச்சிருந்தா எனக்கு ஏதாச்சும் கிடைச்சிருக்கணுமில்லைங்க்கா? பணம் பைசா சுத்தமா கல்லாவுக்குப் போயிருச்சு. பேரு மட்டும்தான் அவர் பேரு.

டிக்கெட்டா? எடுத்துட்டேங்கண்ணா, இவங்கதான் இன்னும் எடுக்கலை.

இந்த வருஷம் மறுபடியும் பதினெட்டாயிரம் கட்டச் சொன்னாங்க. முதலாளி கொதிச்சுட்டார். "பில்லு அடிக்கறதுக்குப் பதினெட்டாயிரமா? எம்பது ரூபாய்க்கு பில் புக்கு வாங்கினா ஆறு மாசம் ஓடும்!" தீனதயாளன் சிரிச்சார். "காரை வாங்கிப் போட்டு ஹாரன் மட்டும் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க அண்ணா. உங்க விற்பனை மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. அலசிப் பார்த்தா யாரு வாங்கறாங்க, எப்ப வாங்கறாங்க, எதை வாங்கறாங்க, எல்லாம் சொல்லும்."

அலசினாங்க. திரையில ஒரு வட்டம் வந்துச்சு. பாதிக்கும் மேல ஒரே பச்சை, மிச்சத்துல பொடிப்பொடியா கலரு. பச்சை மேல அம்பு வெச்சார். ராக்கியப்பன், செங்காட்டுவலசு. அறுபத்து நாலு சதவீதம்.

நான் கீழ விழாத பேனாவைத் தேடிக் குனிஞ்சேன்.

முதலாளி எழுந்தே நின்னுட்டார். "அறுபத்து நாலா? அந்த மகராசன் மூஞ்சி கூட எனக்குத் தெரியாதே!"

"அதுதான் அண்ணா டேட்டா. உங்க கண்ணுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியும்"னுட்டு தீனதயாளன் ஒவ்வொண்ணா சொல்றார். ராக்கியப்பன் ஒரு மணியில இருந்து ரெண்டு மணிக்குள்ள கடைக்கு வந்ததே இல்லை. "வேளைக்குச் சாப்பிடறவர், ஒழுக்கமானவர்." அது நான் சாப்பிடப் போற நேரங்க்கா. செப்டம்பர்ல நாலு நாள் வரவே இல்லை. "உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்." அது எங்க சித்தி பொண்ணு கல்யாணம், நான் லீவு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மணி நேரத்துல இருபத்தெட்டு தடவை வந்திருக்கார். கொத்தனாருங்களுக்குச் சம்பள நாளு அது. முதலாளி உச்சுக் கொட்டினார். "பாவம், வயசான காலத்துல இருபத்தெட்டு நடையா? ஒரே தடவையா வாங்கிட்டுப் போனா ஆகாதா? அம்மிணி, நீயாவது சொல்லக்கூடாது?"

"அண்ணா, அது வந்து..."ன்னேன்.

"சரி சரி, போய் அந்தப் பச்சையைப் பிரிண்ட் எடு."

எடுத்தேன். நான் என்ன பண்ணட்டும்? சொல்ல வந்தேன், விடலை.

மறுநாளே பொன்னாடை, பழத்தட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு, எல்லாத்தோடயும் செங்காட்டுவலசுக்குக் கிளம்பிட்டாங்க. என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, பில்லு விவரம் படிக்கறதுக்கு. போய்ப் பார்த்தா சின்ன ஓட்டு வீடு. வாசல்ல ரெண்டு ஆடு. அவர் துண்டுல ஒரு ஓட்டை, வேட்டியில ரெண்டு ஓட்டை. இப்பத் தெரிஞ்சுரும், எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா நம்ம ஊர்ப்பக்கம் உங்களுக்கே தெரியும். பத்து மில்லு வெச்சிருக்கறவர்தான் கிழிஞ்ச வேட்டி கட்டிட்டு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். முதலாளி தீனதயாளன் காதுல சொல்றார்: "துண்டைப் பார்த்தீங்களா சார்? சொத்து எக்கச்சக்கமா இருக்கும்."

ராக்கியப்பன் எங்களைப் பார்த்ததும் சொந்தக்காரங்க வந்த மாதிரி எழுந்து வந்தார். ஏன்னா, ஒவ்வொரு பில்லுக்கும் அவர் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். நன்றி, மீண்டும் வருகன்னு, அதுவும் இங்கிலீசுல. அவருக்குப் படிக்கத் தெரியாது. கடை பேரை மட்டும் யாரோ படிச்சுச் சொல்லியிருக்காங்க. "ஒரு வாஷர் வாங்குனதுக்கு ரெண்டு வருசமா நாளைக்குப் பத்துப் பதனஞ்சு தடவை என்னை நெனச்சுக்கறீங்க. எம்பையன் மாசத்துக்கு ஒருக்கா போன் பண்றான்"னு முதலாளி கையைப் பிடிச்சுக்கிட்டார்.

பொன்னாடை போட்டாங்க. என்னைப் படிக்கச் சொன்னாங்க. மெதுவாத்தான் படிச்சேன். பெயிண்ட் எண்ணூறு டப்பா. மோட்டார் நாற்பத்தாறு. வெஸ்டர்ன் கக்கூஸ் முந்நூற்றிப் பன்னிரண்டு.

அவர் பொன்னாடையைச் சரி பண்ணிக்கிட்டார். வீடு தேடி வந்தவங்களை இல்லைன்னு சொல்லி அனுப்பற ஆள் இல்லை அவர். "இருக்குமுங்க"ன்னார்.

உள்ள ஒரு பாத்திரம் விழுந்துச்சு. ராமாத்தாள் நிலைப்படியில வந்து நின்னாங்க. கோபத்துலயும் மரியாதை போகலை பாருங்க. "ஏனுங்க, நம்ம ஊட்டுல ஒண்ணுகூட இல்லீங்களே. முந்நூத்திப் பன்னண்டு கக்கூசு எவ ஊட்டுக்குங்க வாங்கிக் குடுத்தீங்க?"

"அட, நானெங்க..."

"இருக்குமுங்கன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க?"

அன்னிக்கே தகரப்பெட்டியைத் தூக்கிட்டு மூலனூர்ல இருக்கற அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க. நாற்பத்தி ரெண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவங்க. போகும்போது ரெண்டு ஆட்டையும் ஓட்டிட்டுப் போயிட்டாங்க. முதலாளி கார்ல சொல்றார், "பெரிய இடம்னா இப்படித்தான் அம்மிணி, குடும்பத்துல சலசலப்பு இருக்கும்."

ஒரு வாரம் கழிச்சு ராக்கியப்பன் கடைக்கு வந்தார். பொன்னாடை மடிச்சுக் கையில இருக்கு. இளைச்சிருந்தார். நேரா என்கிட்ட வந்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "கண்ணு, எனக்கு நெனப்புத் தப்பிப் போச்சாட்ட இருக்குது. அத்தனையும் வாங்கி நான் எங்க கொண்டுபோய் எறக்குனேன்னு அந்த மிசின்ல பார்த்துச் சொல்லு சாமி. ராமாத்தாள்கிட்டச் சொல்லோணும்"னார்.

அவரே நம்பிட்டாருங்க்கா. மெஷின்ல இருந்தா நடந்திருக்கும்னு.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கவுன்ட்டர்ல நாலு பேரு நின்னாங்க, எப்படிச் சொல்றது? அதனால வேற ஒரு வழி பண்ணினேன். அவர் போனதும் உட்கார்ந்து, அவர் பேர்ல இருந்த அத்தனையையும் திருப்பிக் குடுத்துட்ட மாதிரி ஒரு ரிட்டர்ன் போட்டேன். மெசேஜ் போச்சு. அவர் அதை எடுத்துட்டு மூலனூருக்கு ஓடி, மச்சான் பேரனைப் படிக்கச் சொல்லியிருக்கார். சாமான் எல்லாம் திரும்பி வந்துட்டதுன்னு கேட்டதும் ராமாத்தாள் மனசு இறங்கிட்டாங்க. "அந்த மட்டுக்கும் அவகிட்ட இருந்து பிடுங்கிட்டு வந்தீங்களே"ன்னு பெட்டியோட, ஆட்டோட திரும்பி வந்துட்டாங்க. எவகிட்ட இருந்துன்னு ராக்கியப்பனுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. குடும்பம் சேர்ந்துருச்சில்லைங்க்கா?

குண்டடம் தாண்டி ரொம்ப நேரமாச்சு போலிருக்கே. பல்லடமா இது? சரி, சூலூருக்குள்ள முடிச்சிருவேன்.

நான் நிம்மதியா தூங்கினது ஒரே நாள். மறுநாள் தீனதயாளன் வட்டத்தைத் திறந்தார். பச்சை மொத்தமும் சிவப்பு. "அண்ணா, உங்க பெரிய கஸ்டமர் கோவிச்சுக்கிட்டார். எல்லாத்தையும் திருப்பிட்டார். நீங்க அவருக்கு நாற்பத்தொரு லட்சம் தரணும்."

முதலாளி நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார். குடோன்ல போய் எண்ணிட்டு வரச் சொன்னார். கக்கூஸ் இருபதுதான் இருக்கு, கம்ப்யூட்டர்ல முந்நூற்றி முப்பத்தி ரெண்டு. மூணு தடவை எண்ணினாங்க, இருபதேதான். தீனதயாளன் அசரலை. "எண்ணறது மனுஷன்தானே அண்ணா, தப்பு வரத்தான் செய்யும்."

முதலாளி ரெண்டு நாள் சாப்பிடலை. "எங்கப்பன் காலத்துல இருந்து எவனுக்கும் ஒரு ரூவா நிறுத்துனதில்ல"ன்னு சொல்லி, தென்னந்தோப்பை விலை பேசிட்டார். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு.

வியாழக்கிழமை நான் பேசினேங்க்கா. சத்தியமா பேசினேன். முதலாளி ரூமுக்குப் போய், கண்ணை மூடிக்கிட்டு, "அண்ணா, ராக்கியப்பன் வாங்கினது ஒரு வாஷர்தான். மீதி எல்லாம் கண்ட கண்டவங்க வாங்கினது. எனக்கு நம்பர் கேட்க வெக்கமா இருந்துச்சு, அதான் அவர் பேரைப் போட்டேன்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். இருபத்தி நாலு வயசுல நான் பேசின நீளமான பேச்சு அதுதான்.

முதலாளி என்னைப் பாவமா பார்த்தார். "அம்மிணி, என் தோப்பு போகுதேன்னு நீ பழியைத் தூக்கி உம்மேல போட்டுக்கற. உங்கூட்டுல நல்லா வளர்த்தியிருக்காங்க."

"இல்லைங்கண்ணா, நெசமாத்தான்!"

பக்கத்துல இருந்த தீனதயாளன் திரையைத் திருப்பினார். "மேடம், நீங்க சொல்றது சரின்னா, செப்டம்பர்ல நாலு நாள் அவர் ஏன் வரலை?"

"அன்னிக்கு நான் லீவு சார்."

"நீங்க லீவு போட்டதுக்கும் அவர் வராததுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சொல்லுங்க்கா, இதுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

"அம்மிணி, நீ பேசி நான் கேட்டதே இன்னிக்குத்தான். அந்த மிசின் ரெண்டு வருசமா சொல்லிட்டு இருக்குது. எதை நம்பறது?"ன்னுட்டு முதலாளி டவுன் பஸ்ல கிளம்பிட்டார். கார் அன்னிக்குக் காலையிலதான் வித்திருந்தார்.

உட்கார்ந்து யோசிச்சேன். ரிட்டர்னை அழிச்சா தோப்பு தப்பிக்கும். ஆனா சாமான் மறுபடியும் ராக்கியப்பன் பேருக்குப் போயிரும், மெசேஜ் போகும், ராமாத்தாள் பெட்டியைத் தூக்குவாங்க. ரிட்டர்ன் இருந்தா அவங்க வீட்டுல நிம்மதி. தோப்பு போயிரும். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் குடும்பம். நடுவுல நான்.

அப்பத்தான் தோணுச்சு. ரிட்டர்னை உடனே அழிக்கலை. முதல்ல கஸ்டமர் பட்டியல்ல ராக்கியப்பன்னு இருந்த பேரையே மாத்தினேன். பேரை ஒரு இடத்துல மாத்தினா ஒன்பதாயிரம் பில்லுலயும் தானா மாறிரும், அது ஒரு வசதி. போன் நம்பரும் கேட்டுச்சு. மேகலான்னு அடிச்சு, என் நம்பரைப் போட்டேன். அதுக்கப்புறம்தான் ரிட்டர்னை அழிச்சேன், மெசேஜ் எனக்கே வந்துச்சு.

வெள்ளிக்கிழமை காலையில பதிவு ஆபீசுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி முதலாளி கடைசியா ஒரு தடவை பார்க்கலாம்னு திறக்கச் சொன்னார். ராக்கியப்பனுக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. வட்டத்துல பச்சை பழையபடி இருக்கு, மேல மேகலா, அறுபத்து நாலு சதவீதம். தீனதயாளன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "நேத்து ராத்திரி அப்டேட் வந்துச்சு அண்ணா. சாஃப்ட்வேர் தன்னைத் தானே திருத்திக்கிச்சு"ன்னார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். வேலையை விட்டு அனுப்புவார்னுதானே நினைப்பீங்க? கையெடுத்துக் கும்பிட்டாருங்க்கா. "இத்தனை வருசமா எங்கடையிலயே சம்பளத்துக்கு இருந்துட்டு, இத்தனையும் வாங்கி... வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா அம்மிணி? நேத்துக் கூட வேற என்னமோ சொல்லி மறைச்சியே!" என் வேலை மாதிரி பத்திரமான வேலை தாராபுரத்துல யாருக்கும் இல்லை. அறுபத்து நாலு சதவீதத்தை யாராவது வெளிய அனுப்புவாங்களா? டீயைக் கூட அவரே கொண்டு வந்து வைக்கறார். சம்பளத்தை மட்டும் ஏத்தலை. உனக்கெதுக்கும்மா ஏத்தம்னு கேட்டார்.

எங்க அம்மாகிட்ட மூணு கல்யாணத் தரகர் வந்துட்டாங்க. பொண்ணு பேர்ல முந்நூறு கக்கூஸ்னா முந்நூறு வீடு வாடகைக்கு இருக்கணுமில்லையா, அந்தக் கணக்கு அவங்களுக்கு.

இருங்க, மெசேஜ். பாத்தீங்களா? கடையில இப்ப யாரோ ரெண்டு லிட்டர் பெயிண்ட் தின்னர் வாங்கியிருக்காங்க. என் பேர்ல. நான் இல்லாத நாளைக்கு முதலாளி மச்சினன் பையன் பில் போடறான். கேட்டா, பட்டியல்ல உங்க பேருதான் மொதல்ல வருதுங்கறான். பொறுப்பே இல்லை.

அப்புறம் என்ன, தீனதயாளன் முழுப் பலன் முழுப் பலன்னு சாஃப்ட்வேரை எது எதோடயோ இணைச்சார். சம்பளக் கணக்குல இருந்து என் பான் நம்பரை எடுத்து அதுவே கஸ்டமர் பக்கத்துல ஒட்டிக்கிச்சு. அடுத்த மாசம் இந்த லெட்டர்.

சூலூர் தாண்டிருச்சு. இவ்வளவுதாங்க்கா. இதை இப்படியே சொன்னா ஆபீசர் நம்புவாரா? நீங்களே சொல்லுங்க. நீங்க சிரிக்காம கேட்டதே எனக்குப் பெரிய தெம்பு. சிரிச்சீங்களா? பரவாயில்லை, சன்னல் பக்கம் திரும்பித்தானே சிரிச்சீங்க.

என்ன கேட்டீங்க? அன்னிக்கு என் பேரைப் போட்டதுக்குப் பதிலா, சுப்பன் குப்பன்னு இல்லாத ஒரு ஆள் பேரைப் போட்டிருக்கலாமேங்கறீங்களா?

நல்லாக் கேட்டீங்க போங்க. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, இப்படிச் சொல்லலாமா? இல்லாத ஆள் பேர்ல பில் போடறது ஏமாத்து வேலைங்க்கா. எனக்கு அதெல்லாம் வராது.